ஆல்பர்ட்டின் மண்ணீரல்

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் டாக்டர் அமலா, இறந்தவர்களுக்கும் ஸ்கேன் எடுக்க ஆரம்பித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது தெரியும். கர்ப்பிணிகளைக் கூட்டிக்கொண்டு வரும் மாமியார்கள் சிலர், வயிற்றில் ஜெல் தடவும் முன்பே கேட்டுவிடுவார்கள்.

"ஏம்மா, அந்தப் பொணத்து மேல வெச்ச மெஷினா இது?"

"அது வேற மெஷின். ஆஸ்பத்திரியிலயே இருக்குது. அந்த ரூமை விட்டு வெளிய வராது."

அது உண்மைதான். ஸ்கேன் மெஷின் எதுவானாலும் பதிவு செய்த அறையை விட்டு நகர்த்தக் கூடாது என்பது சட்டம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிடக் கூடாதே என்று போட்ட சட்டம், பிணவறைக்குப் பக்கத்து அறையில் இருந்த மெஷினுக்கும் பொருந்தியது. அதற்கும் மாதாமாதம் படிவம் அனுப்ப வேண்டும். கர்ப்பிணிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அமலா ஒவ்வொரு மாதமும் பூஜ்யம் போட்டாள்.

அவளை இந்த வேலைக்கு அழைத்தவர் டாக்டர் வீரமணி. புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் நோய்க்குறியியல் பேராசிரியர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கிராமங்களில் சாகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்ன வந்து செத்தார்கள் என்பதே தெரிவதில்லை, காய்ச்சல் என்றோ மாரடைப்பு என்றோ ஒரு சொல்லை எழுதிப் புதைத்துவிடுகிறோம் என்பது அவருடைய நெடுநாள் குறை. பிரேதப் பரிசோதனை என்றால் எந்தக் குடும்பமும் சம்மதிப்பதில்லை. அதற்கு மாற்றாக ஒரு வழி வந்திருந்தது. உடம்பைத் திறப்பதில்லை. ஸ்கேனில் உள்ளுறுப்புகளைப் பார்த்தபடியே நீளமான ஊசியைச் செலுத்தி, நூல் கனத்தில் கொஞ்சம் சதையும் ஒரு சொட்டு திரவமும் எடுத்து லேபுக்கு அனுப்புவது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் ஈரலில் பட்டுவிடும். ஆனால் நோய் இருக்கிற இடத்தில்தான் படும் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் ஸ்கேன் பார்க்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் அமலாவின் கை பதினாறு வருஷத்துக் கை.

வேலை பழகிவிட்டது. இறந்தவர்களின் உறவினர்களை அவள் பார்ப்பதில்லை. பேசி சம்மதம் வாங்குவதெல்லாம் வீரமணி. அவள் வருவாள், முக்கால் மணி நேரம் படத்தைப் பார்த்து இடம் காட்டுவாள், கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவாள்.

பத்தொன்பதாவதாக வந்தவர் ஆல்பர்ட். வல்லத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். முப்பத்தெட்டு வயது. ஒன்றரை ஏக்கர் நெல், மழை இல்லாதபோது வேர்க்கடலை, மீதி நாளில் மற்றவர்களுக்கு ஏர் ஓட்டப் பவர் டில்லர். புயல் மழை முடிந்து மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பத்தே காலுக்கு இறந்துவிட்டார்.

வீரமணி பேசப் போனபோது ஆல்பர்ட்டின் அப்பா அமிர்தசாமி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டி மறித்தார்.

"எம் புள்ளைய அறுக்க உடமாட்டேன்."

"அறுக்கறது இல்லைங்க ஐயா. கத்தியே படாது. ஊசி மட்டும்."

"எத்தினி எடத்துல குத்துவ?"

"பன்னண்டு, பதிமூணு எடம். சட்டை போட்டா ஒண்ணும் தெரியாது. மூஞ்சியத் தொட மாட்டோம். ஒன்றரை மணி நேரத்துல கைல குடுத்துருவோம்."

"செத்தவனுக்கு எதுக்குய்யா ஊசி?"

அதற்கு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆல்பர்ட்டின் மனைவி ரோஸ்மேரிதான் பதில் சொன்னாள். அவள் அழவில்லை. மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை, அதற்குள் மூன்று வார மருந்துச்சீட்டுகள்.

"ஒருத்தர் டைபாய்டுன்னாரு. ஒருத்தர் டிபியா இருக்கும்னாரு. ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒண்ணுமில்லாமலா செத்துப்போனாரு, மாமா?"

அமிர்தசாமி அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சா மட்டும் எழுந்து வந்துருவானாம்மா ரோசு?"

"வரமாட்டாரு. எனக்குத் தெரியணும்."

பையை அப்படியே வீரமணியிடம் கொடுத்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெரியவர் மரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அமலா பதினொன்றரைக்கு வந்தாள். கையுறை மாட்டும்போது வீரமணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது உங்க சென்டர் ரிப்போர்ட் போலருக்குது."

அவளுடைய சென்டர்தான். கையெழுத்தும் அவளுடையதுதான். பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி. ஈரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகங்கள் எல்லாவற்றுக்கும் நேராக நார்மல் என்று இருந்தது. அவள் தாளைப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்தவரின் முகத்தைப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. புயலுக்குப் பிறகு தினமும் ஐம்பது பேருக்கு மேல் வந்துகொண்டிருந்தார்கள். பாதி கர்ப்பிணிகள், மீதி காய்ச்சல்.

"சார், நான் பாத்த பேஷன்ட். வேற யாராவது செய்யட்டுமே?"

"யாரு இருக்காங்க? விழுப்புரத்துலேருந்து வரச் சொன்னா ரெண்டு மணி நேரம். அவங்க குடும்பத்துக்கு ஒன்றரை மணி நேரம்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

அமலா ஜெல்லைப் பிழிந்தாள்.

உயிரோடு இருக்கிறவர்களின் வயிற்றில் எப்போதும் ஏதாவது அசைந்துகொண்டிருக்கும். ரத்தக் குழாய் துடிக்கும், குடல் நெளியும், மூச்சுக்கு மூச்சு ஈரல் இறங்கி ஏறும். இறந்தவரின் படம் நிழற்படம் மாதிரி நிற்கும். ஆரம்பத்தில் அமலாவுக்கு அது தொந்தரவாக இருந்தது. முதல் இரண்டு மாதம், மூச்சை இழுத்துப் பிடிங்க என்று வாய் வரை வந்துவிடும். இப்போது அதில் ஒரு வசதி தெரிந்தது. வலிக்கிறது என்று யாரும் சொல்லப் போவதில்லை, வெளியே ஐம்பது பேர் காத்திருக்கவில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

ஈரலில் நான்கு இடங்களில் சின்னச் சின்னக் கருமையான வட்டங்கள் இருந்தன. நுரையீரலைச் சுற்றி நீர். பிணவறை ஊழியர் சிவசங்கரைக் கூப்பிட்டு உடம்பை வலப்பக்கமாகச் சாய்க்கச் சொன்னாள். இடது விலா எலும்புகளுக்கு இடையே கருவியை வைத்ததும் மண்ணீரல் முழுசாகத் தெரிந்தது. கரையான் அரித்த பலகை போல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

வீரமணி திரைக்கு அருகே குனிந்தார்.

"சீழ்க்கட்டி."

"ஆமா சார். பத்துக்கு மேல இருக்கும்."

ஊசி தோலுக்குள் இறங்குவது திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அமலா இன்னும் மேலே, கொஞ்சம் உள்ளே, போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீரமணி சிரிஞ்சை இழுத்தார். மஞ்சளாக வந்தது. பிறகு சதை எடுக்கிற துப்பாக்கி ஊசியின் விசையை அழுத்தினார். டக் என்ற சத்தத்தோடு ஒரு நூல் சதை. ஈரல், நுரையீரல், இதயம், ரத்தம், முதுகுத்தண்டு நீர் என்று வரிசையாக எடுத்தார்கள். எல்லாக் குப்பியிலும் அமலாவே பெயர் எழுதினாள்.

"டிபி மாதிரி தெரியல" என்றார் வீரமணி. "சுகர் எவ்ளோ?"

பையிலிருந்த சீட்டில் இருநூற்று எண்பத்தாறு என்று இருந்தது.

"புயலுக்கு அப்புறம் வயல்ல எறங்கியிருப்பாரு. ஏர் ஓட்டறவரு வேற. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. லேப்ல கிருமிய வளத்துப் பாக்கட்டும், கல்ச்சர் வரட்டும்." லேபுக்குப் போன் போட்டு, குப்பியைத் திறக்கும்போது கவனமாக இருக்கும்படி சொன்னார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். அமிர்தசாமி துணியை விலக்கி மகனின் நெஞ்சையும் வயிற்றையும் பார்த்தார். சின்னச் சின்ன பிளாஸ்திரிகள். ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் துணியை மூடினார். அன்று சாயங்காலமே கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அமலா சென்டருக்குத் திரும்பினாள். கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டாள். காத்திருந்த ஒன்பது பேரைப் பார்த்து அனுப்பினாள். பிறகு கம்ப்யூட்டரில் ஆல்பர்ட்டின் பெயரைத் தட்டினாள். பன்னிரண்டு நாளைக்கு முன் அவள் சேமித்த படங்கள் பதினொன்று இருந்தன. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் இருந்தது. முதல் படம் பதினொன்று நாற்பத்திரண்டு. கடைசிப் படம் பதினொன்று நாற்பத்தைந்து. மூன்றே நிமிஷத்தில் அந்த மனிதனின் வயிற்றைப் பார்த்து முடித்திருந்தாள்.

ஏழாவது படத்தில் மண்ணீரல். மேல் ஓரம் நுரையீரலின் நிழலில் மறைந்திருந்தது. அவர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தால் இறங்கி வந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லியிருந்தாலும் தெரிந்திருக்கும். சொன்னாளா என்று யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. நிழல் தொடங்குகிற இடத்தில், பாதி மறைந்து, ஒரு கருமையான புள்ளி. அளந்தாள். பதினொரு மில்லிமீட்டர்.

அவள் அந்தப் படத்தை வெகுநேரம் பார்க்கவில்லை. ஒருமுறை அளந்தது போதும் என்று மூடிவிட்டு, மறுநாள் வீரமணியிடம் காட்டினாள்.

"தேடிப் பாத்தாதான் தெரியுது" என்றார் அவர். "இப்ப என்ன இருக்குதுன்னு தெரிஞ்சு பாக்கறீங்க. அன்னிக்குத் தெரியாது."

"தேடிப் பாக்கறதுதான சார் என் வேலை."

"அமலா, இந்தத் திட்டத்துல நாம கண்டுபிடிக்கறது நோயை. யாரு கோட்டை விட்டாங்கன்னு இல்ல. குடும்பத்துக்கு ரிசல்ட் சொல்லும்போது இதைச் சொல்லணும்னு எந்த விதியும் கெடையாது."

"சரி சார்" என்றாள். எதற்குச் சரி என்று இருவரும் தெளிவாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் லேபிலிருந்து தகவல் வந்தது. வீரமணி சந்தேகப்பட்டதுதான். மெலியாய்டோசிஸ். சேற்றிலும் தேங்கின தண்ணீரிலும் வாழ்கிற ஒரு கிருமி. கால் வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும். சர்க்கரை நோய் இருப்பவர்களை அதிகம் பிடிக்கும். பார்ப்பதற்கு டைபாய்டு மாதிரியும் டிபி மாதிரியும் இருக்கும். இரண்டுக்கும் கொடுக்கிற மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் எடுபடாது. அதற்கென்று இருக்கிற ஊசியை வேளையோடு போட்டால் பலர் பிழைக்கிறார்கள்.

முடிவைக் குடும்பத்துக்கு நேரில் போய்ச் சொல்வது வீரமணியின் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அமலாவும் கூட வருகிறேன் என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை.

வல்லம் தாண்டி இரண்டு கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் வயலில் இன்னும் தண்ணீர் நின்றது. கோயில் தெருவில் நான்காவது வீடு. முன்னறையில் நாற்காலி மேல் ஆல்பர்ட்டின் படம், பக்கத்தில் சிலுவை, மெழுகுவத்தி. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அமிர்தசாமி பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். ரோஸ்மேரி கதவு ஓரம் நின்றாள். ஆல்பர்ட்டின் தம்பி ஜேம்ஸ் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தான். முப்பத்திரண்டு வயது. வெளியே நல்ல வெயில் அடித்தது. அவன் கம்பளி பனியன் போட்டிருந்தான்.

வீரமணி விளக்கிச் சொன்னார். கேட்டு முடித்ததும் அமிர்தசாமி தம் பாதங்களை நீட்டிக் காட்டினார்.

"நாப்பது வருசமா அந்தச் சேத்துலதான் நிக்கறேன். என்னை இன்னா பண்ணுச்சு அது?"

"எல்லாரையும் பண்ணாதுங்க ஐயா. சுகர் இருக்கறவங்களத்தான் அதிகமா..."

"எங்களுக்கு எல்லாருக்கும்தான் சுகரு. இதோ இவனுக்கும் இருக்குது."

அமலா ஜேம்ஸைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் காய்ச்சல் இருக்குதா?"

"லேசா, மேடம்."

"எத்தனை நாளா?"

அவன் பதில் சொல்லும் முன் அமிர்தசாமி சொன்னார். "அண்ணன் போனதுலேருந்து. சரியா சாப்படறதில்ல, தூங்கறதில்ல. துக்கம்."

"அவரும் டில்லர் ஓட்டறவரா?"

"அண்ணனுக்கு முடியாமப் போனதும் இவன்தான் ஓட்னான்."

வீரமணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. ரத்தம் எடுக்கணும், ஸ்கேன் பாக்கணும். நாள் கடத்தக் கூடாது."

"ஸ்கேனா?" என்றார் அமிர்தசாமி. சத்தமாகச் சொல்லவில்லை. "பெரியவனுக்கு எடுத்தோமே. ஒண்ணுமில்ல, நல்லாருக்குதுன்னு பேப்பர் குடுத்தாங்களே. அத நம்பி இன்னும் பத்து நாள் வீட்லயே வெச்சிருந்தோம். அந்த மெஷின்ல இவனையும் படுக்க வெக்கச் சொல்றியா?"

பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, அந்த ஸ்கேன் எடுத்தது நான்தான்" என்றாள் அமலா. "மண்ணீரல்ல ஒரு கட்டி ஆரம்பிச்சிருந்துச்சு. சின்னதா. படத்துல இருக்குது. நான் பாக்கல. சரியா படுக்க வெச்சு, நேரம் எடுத்துப் பாத்திருக்கணும். பாக்காம நார்மல்னு எழுதிட்டேன். என் தப்பு."

வீரமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தசாமிக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ரோஸ்மேரிக்கு உடனே விளங்கிவிட்டது. அவள் கதவு நிலையை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

"அன்னிக்கே பாத்திருந்தா பொழைச்சிருப்பாரா?"

அமலா இந்தக் கேள்வியை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"தெரியாது. பொழைக்க வாய்ப்பு இருந்துச்சு."

"எவ்ளோ வாய்ப்பு?"

"பாதிக்கு மேல."

ரோஸ்மேரி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அமிர்தசாமி எழுந்து வாசலைக் காட்டினார்.

"கெளம்புங்க."

ஜேம்ஸ் மட்டும், "நைனா, இருங்க" என்றான். பெரியவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கார் வல்லத்துக்கு வந்தது. கடைத்தெருவைத் தாண்டியதும் வீரமணி சொன்னார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா, ஒரு வேளை பேசிப் பேசி அந்தப் பையனை அனுப்ப வெச்சிருப்பேன்."

"தெரியும் சார்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அதுவும் என்னோடதுதான்."

அமலா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் செஞ்சி பஸ் நிலையம் வந்தபோது, காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, சென்டருக்கு நடந்தே போனாள்.

மறுநாள் முழுவதும் யாரும் வரவில்லை. வீரமணி அந்த ஊர்க் கிராம செவிலியருக்குப் போன் செய்தார். அவர் போய்ப் பார்த்துவிட்டு, பெரியவர் பேசக்கூட விடவில்லை, பையன் உள்ளே படுத்திருக்கிறான் என்று சொன்னார். மெஷினை எடுத்துக்கொண்டு அங்கே போகவும் முடியாது. அன்று அமலாவுக்கு நாற்பத்தாறு பேர். சாயங்காலம் வரவேற்பில் இருக்கும் ரத்தினம்மாளைக் கூப்பிட்டு, இனிமேல் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல் டோக்கன் கொடுக்க வேண்டாம் என்றாள்.

"மத்தவங்க திண்டிவனம் போயிருவாங்களே மேடம்."

"போகட்டும்."

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் திறக்க வந்த ரத்தினம்மாள், படிக்கட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அமலாவுக்குப் போன் செய்தாள். அமலா வந்தபோது ஜேம்ஸ் சுவரில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ரோஸ்மேரி எழுந்து நின்றாள். முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார்கள்.

"மாமாவுக்குத் தெரியாது. வேலூர்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே" என்று அமலா சொல்லத் தொடங்கினாள்.

"நீங்கதான் பாக்கணும்" என்றாள் ரோஸ்மேரி. "வேற எவங்கிட்டப் போனாலும் ரெண்டு நிமிசத்துல பாத்துட்டு எழுதிக் குடுத்துருவான். நீங்க இப்ப அப்பிடிப் பாக்க மாட்டீங்க."

அதில் கோபம் இருந்ததா என்று அமலாவுக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு ஜேம்ஸைப் படுக்க வைத்தாள்.

அவனை மூன்று விதமாகப் படுக்க வைத்து மண்ணீரலைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. ஈரலிலும் ஒன்றும் இல்லை. நுரையீரலின் அடியில் நீர் இல்லை. இரண்டு சிறுநீரகத்தையும் பார்த்தாள். ஆனால் உடம்பு கொதித்தது. கால்மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. கருவியை அடிவயிற்றில் வைத்தபோது அவன் முகம் சுளித்தான்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"ஒண்ணுக்குப் போறப்ப எரியுதா?"

ஜேம்ஸ் அண்ணி நின்ற பக்கம் பார்த்தான். ரோஸ்மேரி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"நாலு நாளா" என்றான் அவன். "சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேத்து சுத்தமா வரல. அடச்சிக்கிச்சு."

அங்கேதான் இருந்தது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, புரோஸ்டேட் சுரப்பிக்குள், கோலிக்குண்டு அளவில் ஒரு சீழ்க்கட்டி. அமலா இரண்டு பக்கமும் அளந்தாள். மறுபடி ஒருமுறை அளந்தாள். பின்னர் விளக்கைப் போட்டு, அவனிடம் என்ன இருக்கிறது என்று சொன்னாள். எங்கே இருக்கிறது, என்ன செய்வார்கள், எத்தனை நாள் ஆகும் என்பதையும் சொன்னாள். வீரமணிக்குப் போன் செய்தாள். கல்லூரியிலிருந்து படுக்கை தயார் என்று பதில் வந்தது. வேன் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் ரோஸ்மேரி அவளுடைய அறைக்கு வந்தாள்.

"எங்க வூட்ல ஒரு பேப்பர் இருக்குது மேடம். அவருக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க எழுதினது. டாக்டர் திருப்பிக் குடுத்துட்டாரு, பைக்குள்ளயே இருக்குது."

"ஆமா."

"அதை மாத்தி எழுதிக் குடுங்க."

"எதுக்குன்னு கேக்கலாமா?"

ரோஸ்மேரி கொஞ்சம் யோசித்தாள். "எதுக்குன்னு இப்பத் தெரியல. புள்ளைங்க ரெண்டும் படிக்கற புள்ளைங்க. நாளைக்கு அதை எடுத்துப் பாக்கும். அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, சும்மா செத்துட்டாருன்னு இருக்கக் கூடாது."

அமலா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டாள். வழக்கமாக அறிக்கைகளை ஆங்கிலத்தில்தான் அடிப்பாள். இதைத் தமிழில் அடித்தாள். ஆல்பர்ட், வயது முப்பத்தெட்டு, ஸ்கேன் எடுத்த தேதி. மண்ணீரலின் மேல்பகுதியில் பதினொரு மில்லிமீட்டர் அளவில் சீழ்க்கட்டி எனக் கருதத்தக்க ஒரு புள்ளி உள்ளது. முதலில் கொடுத்த அறிக்கையில் இது கவனக்குறைவால் விடுபட்டது. கீழே ஏழாவது படத்தை ஒட்டி, புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

தாளை எடுத்துக்கொண்டு முத்திரை போடப் போன ரத்தினம்மாள் திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"மேடம், இதை வெச்சி அவங்க கேஸ் போடலாம்."

"போடலாம்."

"கவனக்குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. விடுபட்டதுன்னு மட்டும் போட்டா போதாதா?"

"முத்திரை போட்டுக் குடுங்க ரத்தினம்மா."

ரோஸ்மேரி தாளை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். வட்டம் போட்ட இடத்தை விரலால் தொட்டு, "இதுவா?" என்று கேட்டாள். "இதுதான்" என்றாள் அமலா. வேன் வந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜேம்ஸோடு ஏறிப் போனாள்.

ஜேம்ஸின் கட்டியை ஊசி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். ரத்தத்தில் அதே கிருமி இருந்தது. பதினாறு நாள் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் நிலைமை மோசமாகி ஆக்ஸிஜன் வைத்தார்கள் என்றும், ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது என்றும் வீரமணி போனில் சொன்னார். மகனைத் தேடி வேலூருக்குப் போன் செய்து உண்மை தெரிந்துகொண்ட அமிர்தசாமி, நான்காம் நாளே கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டார். மருமகளை ஒரு வார்த்தை திட்டவில்லை.

பொங்கலுக்கு முன்னால் அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் சர்க்கரையும் காய்ச்சலும் சேர்ந்திருந்த இருபத்தேழு பேருக்கு வீரமணி ரத்தப் பரிசோதனை செய்தார். ஒரு பெண்ணுக்கு இருந்தது. பிழைத்துக்கொண்டாள். வயலில் இறங்குகிறவர்கள் முழங்கால் பூட்ஸ் போட வேண்டும் என்று பஞ்சாயத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சேற்றில் பூட்ஸ் புதைந்துகொள்கிறது என்று ஒருவரும் போடவில்லை.

அமலா பிணவறை வேலையை விடவில்லை. ஒரு மாற்றம்: சம்மதம் கேட்கப் போகும்போது அவளும் வீரமணியோடு போனாள். பெரும்பாலும் பேசமாட்டாள். யாராவது பழைய ஸ்கேன் ரிப்போர்ட் வைத்திருந்தால் வாங்கிப் பார்ப்பாள்.

பிப்ரவரியில் ஜேம்ஸ் மறு ஸ்கேனுக்கு வந்தான். கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் நடை தெளிவாக இருந்தது. துணைக்கு அமிர்தசாமி வந்திருந்தார். உள்ளே வராமல் வரவேற்பறையில் கர்ப்பிணிகளுக்கு நடுவே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் தெரிந்தது. அமலா வெளியே வந்து அவரிடமே சொன்னாள்.

"நல்லா ஆறியிருக்குது ஐயா. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"இன்னும் எத்தினி தபா வரணும்?"

"ரெண்டு தடவை. ஏப்ரல்ல ஒண்ணு, ஜூலைல ஒண்ணு."

"பரிட்சை முடிஞ்சப்புறம் பெரியவன் புள்ளைங்க ரெண்டையும் கூட்டியாரேன். அதுங்களுக்கும் பாத்துரு."

"அதுங்களுக்குக் காய்ச்சல் ஏதாவது இருக்குதா?"

"ஒண்ணுமில்ல" என்றார் அமிர்தசாமி. "பாத்துச் சொல்லு."

ஸ்கேன் எல்லாம் வேண்டியிருக்காது, சர்க்கரை மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்ல அமலா வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. கூட்டி வாருங்கள் என்றாள். அவர் எழுந்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, வல்லம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மகனை அவசரப்படுத்தினார்.